பழிக்கப்பட்ட பேச்சில் பாதுகாக்கப்பட்ட வரலாறு
ஒலியியல் அறிஞர் லொரென்சோ டவ் டர்னரின் வாழ்வும் பணியும்

மன்னர்களின் வரலாற்றை அறியக் கல்வெட்டுகள் உண்டு, செப்பேடுகள் உண்டு, நாணயங்களும் உண்டு. நிலமும் எழுத்தும் மறுக்கப்பட்டு, பெற்றோர் இட்ட பெயரைக்கூட வெளியில் சொல்ல இயலாமல் வாழ்ந்த மக்களின் வரலாற்றை எங்கே தேடுவது? அவர்கள் கல்லில் எதையும் பொறிக்கவில்லை. அவர்களைப் பற்றி ஏட்டில் எழுதியவர்களோ அவர்களை விலை கொடுத்து வாங்கியவர்கள்.

இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டுக் கறுப்பின அறிஞர் ஒருவர் விடை கண்டார். அம்மக்களின் நாவிலேயே தேடலாம் என்று அவர் காட்டினார். அவர்கள் பேசும் சொல்லிலும், அச்சொல்லின் ஒலியிலும், ஒலியின் ஏற்ற இறக்கத்திலும் இருநூறு ஆண்டு வரலாறு அழியாமல் இருப்பதை அறிவியல் முறையில் மெய்ப்பித்தார். அவர்தாம் லொரென்சோ டவ் டர்னர். 1890ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் பிறந்தவர். அண்ணல் அம்பேத்கருக்குச் சில மாதங்கள் மூத்தவர். அண்ணல் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த அதே காலத்தில், டர்னரும் அந்நாட்டின் வேறு பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றுக்கொண்டிருந்தார்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் கடல் கடந்த நாட்டு ஒலியியல் அறிஞர் ஒருவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். நம்மில் பலர் பள்ளியில் எழுந்து நின்று விடை சொன்னபோது, விடை சரியாக இருந்தும் பேச்சைக் கேட்டுப் பிறர் சிரித்ததை மறக்கவில்லை. அச்சிரிப்புக்கு அஞ்சி வாய் மூடிய பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு டர்னரின் வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும்.

குடும்பமும் கல்வியும்

டர்னர் பிறந்த ஊர் வட கரோலினா மாநிலத்து எலிசபெத் சிட்டி. நான்கு ஆண்மக்களுள் அவரே இளையவர். தந்தையார் ரூக்ஸ் டர்னர் தம் 21ஆம் வயதில்தான் முதல் வகுப்பில் சேர்ந்தார். இருபத்தொரு வயது இளைஞர் சிறுவர்களுடன் அமர்ந்து எழுத்துக் கற்பது எளிதன்று. ஆயினும் அவர் படிப்பை விடவில்லை. கறுப்பின மக்களுக்கென அமைந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் வரை பெற்றார். பின்னர்த் தாமே பள்ளி நிறுவிப் பிறர்க்குக் கற்பித்தார். காலங்கடந்து விட்டதென்று எண்ணிப் படிப்பைக் கைவிடுவோர் இவரை நினைத்தல் தகும்.

அத்தந்தையின் மைந்தர் 1914இல் ஹோவர்டில் இளங்கலையும், 1917இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலையும், 1926இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1865க்கு முன் அமெரிக்க இலக்கியத்தில் எழுந்த அடிமை எதிர்ப்புணர்வே அவர்தம் ஆய்வுப் பொருள். ஹோவர்டில் ஆங்கிலத் துறைத் தலைவராகவும் விளங்கினார். 1928இல் அப்பதவியை விட்டுத் தம் தமையனாருடன் செய்தித்தாள் ஒன்றைத் தொடங்கினார், அது நீடிக்கவில்லை. 1929இல் டென்னசி மாநிலத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைத் தலைவரானார்.

அதுவரை அவர் இலக்கிய ஆசிரியரே. ஒலியியல் அறிஞர் அல்லர். அவ்வாண்டுக் கோடையில் தென் கரோலினாவின் ஆரஞ்சுபர்க் நகரக் கல்லூரியில் கற்பிக்கச் சென்றபோது, மாணவர் சிலர் தமக்குள் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது. ஆங்கிலம் போல் இருந்தது. ஆனால் ஆங்கிலப் பேராசிரியரான அவருக்கே விளங்கவில்லை. பிறர் அதனைக் கொச்சை என்று ஒதுக்கினர். டர்னரோ அது என்ன பேச்சு என்று வினவினார். அவ்வினாவே அவர் வாழ்வின் போக்கை மாற்றியது.

நெற்பண்ணைத் தீவுகள்

அம்மாணவர் பேசியது குல்லா என்னும் மொழி. (நாம் தலையில் அணியும் குல்லாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரத்திலும் கடலோரத் தீவுகளிலும் வாழும் கறுப்பின மக்களின் மொழி அது, ஜார்ஜியாவில் கீச்சி என்றும் வழங்கும்.

அத்தீவுகளின் கதை நெல்லின் கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு நெற்பண்ணைகள் பெருகின. வெள்ளையருக்கு நெல் விளைவிக்கத் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் கடலோர மக்களுக்கு அது வழிவழி வந்த தொழில். எனவே செனகல், காம்பியா, சியரா லியோன் பகுதிகளிலிருந்து வந்த அடிமைகளைப் பண்ணையார்கள் விரும்பி வாங்கினர். அங்கோலாவிலிருந்தும் பல்லாயிரவர் கொண்டுவரப்பட்டனர். உரலும் உலக்கையும் கொண்டு நெல் குத்துவதையும், புல்லால் முடைந்த அகன்ற தட்டில் புடைப்பதையும் அம்மக்கள் தம் தாயகத்திலிருந்தே கொண்டு சென்றனர். சேற்றில் நின்றவர்களும் வரப்புக் கட்டியவர்களும் அவர்கள். விளைச்சலின் செல்வமோ சார்லஸ்டன் நகர மாளிகைகளுக்குச் சென்றது.

மலேரியாவுக்கு அஞ்சி வெள்ளை உரிமையாளர்கள் கோடை முழுதும் தீவுகளை விட்டு அகன்றனர். தீவுகளில் கறுப்பின மக்களே மிகுதி. பாலங்களும் அரியவை. 1808இல் அடிமை இறக்குமதி சட்டப்படி தடை செய்யப்பட்ட பின்னும் களவாகக் கப்பல்கள் வந்தன. 1858இல் வாண்டரர் என்னும் கப்பல் ஏறத்தாழ 400 ஆப்பிரிக்கரை ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவில் இறக்கியது. ஆகவே ஆப்பிரிக்க மொழிகளை நேரே பேசியவர்கள் அங்கு நெடுங்காலம் இருந்தனர். மற்றொருபுறம், 1740ஆம் ஆண்டிலேயே அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா சட்டம் குற்றமாக்கியிருந்தது. எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் தம் நினைவையெல்லாம் நாவிலேயே வைத்துக் காத்தனர்.

அறிஞர் என்போர் சொன்னவை

இம்மொழியைப் பற்றி அக்கால வெள்ளை எழுத்தாளர்கள் கூறியவை படிப்போர் நெஞ்சைச் சுடும். 1922இல் ஆம்பிரோஸ் கான்சேல்ஸ் என்பவர் குல்லா கதைகளை நூலாக வெளியிட்டார். பண்ணைக் குடும்பத்தில் பிறந்த செய்தித்தாள் அதிபர் அவர். இம்மக்களின் தடித்த உதடும் சோம்பிய நாவும் ஆங்கிலத்தைச் சிதைத்துவிட்டன என்பது அவர் கூற்று. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இத்துணைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் முடிபு ஒன்றே. இங்கிலாந்துக் குடியானவர்களின் பழைய பேச்சை அடிமைகள் கற்றுக்கொண்டனர். அதில் ஆப்பிரிக்கக் கூறு என்று சொல்லத்தக்கது விரல்விட்டு எண்ணும் சில சொற்களே என்று ஜார்ஜ் பிலிப் கிராப் முதலியோர் எழுதினர்.

இக்கூற்று மொழியளவில் நிற்கவில்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும். ஆப்பிரிக்கரிடம் பாதுகாக்கத்தக்க பண்பாடு எதுவும் இருந்ததில்லை, இருந்ததும் கப்பலிலேயே அழிந்தது, அவர்கள் வெறுங்கையராய் வந்தவர்கள் என்பதே அதன் உட்பொருள். ஒருவர் உழைப்பைப் பறிப்பவர், பறிக்கப்பட்டவருக்கு முன்பே ஒன்றுமில்லை என்று எழுதி வைப்பது உலகெங்கும் கண்ட வழக்கமன்றோ!

செவியைப் பழக்குதல்

மறுப்புரை எழுதச் சினம் மட்டும் போதாது என்பதை டர்னர் அறிந்திருந்தார். நாற்பதாம் வயதில் மீண்டும் மாணவரானார். 1930ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க மொழியியல் சங்கத்தின் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து ஒலியியல் கற்றார். அச்சங்கத்தில் உறுப்பினரான முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஒலியியல் என்பது நம் நாட்டுக்குப் புதிய கலையன்று. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நாவும் இதழும் பல்லும் அண்ணமும் தொழிற்படுவதால் எழுத்தொலி பிறக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. இக்கால ஒலியியலும் அவ்வழியே சென்று, உலக மொழிகள் அனைத்தின் ஒலிகளையும் குறிக்கத்தக்க தனிக் குறியீடுகளை வகுத்துள்ளது. ஓர் ஒலிக்கு ஒரு குறி. ஒரு குறிக்கு ஓர் ஒலி. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்னும் சொற்களில் நாம் ஒரே ககரத்தை எழுதினும் மூன்று வேறு ஒலிகளை ஒலிக்கிறோம். ஒலியியலார் அவற்றை மூன்று குறிகளால் எழுதுவர்.

முன்னையோர் தவறியதற்குக் காரணம் இங்கேதான் உள்ளது. அவர்கள் குல்லாவை ஆங்கில எழுத்துக்கூட்டில் எழுதினர். ஆங்கில எழுத்தில் எழுதியவுடன் ஒவ்வொரு சொல்லும் சிதைந்த ஆங்கிலமாகவே தோன்றியது. டர்னர் ஒலியை ஒலியாகவே பதிந்தார். அதன் பின்னரே அது எம்மொழிச் சொல் என்னும் ஆராய்ச்சி.

தீவுகளில்

1932, 1933ஆம் ஆண்டுகளில் டர்னர் கனத்த ஒலிப்பதிவுக் கருவியுடன் தீவுகளுக்குப் புறப்பட்டார். அலுமினியத் தட்டுகளில் ஒலியைப் பதியும் கருவி அது. தென் கரோலினாவில் ஜான்ஸ், வாட்மலா, எடிஸ்டோ, செயின்ட் ஹெலினா தீவுகள். ஜார்ஜியாவில் சாப்பெலோ, செயின்ட் சைமன்ஸ் தீவுகளும் ஹாரிஸ் நெக் முதலிய ஊர்களும் அவர் ஆய்வுக்களங்கள். முதன்மையான தகவலாளராக 21 பேரைத் தேர்ந்தார். அவர்களுள் பலர் அறுபது வயது கடந்தவர்கள். அடிமை நாள்களைக் கண்டவர்களும் அவர்களுள் இருந்தனர்.

கறுப்பினத்தவராயினும் டர்னர் அவர்களுக்கு அயலாரே. பல்கலைக்கழகப் பேராசிரியர், நகரத்து உடை, ஆங்கில நடை. நம்பிக்கையைப் பெற அவர் பொறுமையுடன் பழகினார். ஜான்ஸ் தீவில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை அவரே தம் நூலில் குறித்துள்ளார். வெள்ளை இன ஒலியியலார் ஒருவர் அவருடன் ஒருநாள் வந்திருந்தார். நல்லவர், திறமையானவர். ஆயினும் வினவும்போது அவர் குரலில் ஏதோ ஒரு தொனி கலந்துவிட்டது. முதியவர் அக்கணமே பேச்சை நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. டர்னர் பின்னர்த் தனியே சென்றபோது, அந்த வெள்ளையரை ஏன் அழைத்து வந்தாய் என்பதே அவரை வரவேற்ற முதற்கேள்வி.

ஒரு தொனிக்காக ஓர் ஆய்வு நின்றுபோயிற்று! தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தொனியை அறியும் செவி கூர்மையானது. சொல் இனிதாக இருப்பினும் குரலில் ஒளிந்துள்ள இழிவை அவர்கள் கண்டுகொள்வர். முன்னையோர்க்கு அம்மக்கள் மெய்யான பேச்சைத் தரவில்லை. அயலார்க்கென வைத்திருந்த பேச்சையே தந்தனர். வெள்ளையர் இல்லாத இடத்தில், தம் வீட்டுத் திண்ணையில், தம்மவர் என்று ஏற்றுக்கொண்டவரிடம் பேசிய பேச்சே டர்னரின் தட்டுகளில் பதிந்தது.

கண்டெடுத்த செல்வம்

பதிந்ததை ஒப்பிட வேண்டுமே! அதற்கு ஆப்பிரிக்க மொழிகள் தெரிய வேண்டும். 1936–37இல் லண்டன் சென்று கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விக் கழகத்தில் அம்மொழிகளைக் கற்றார். குல்லாவில் இசுலாமியச் சொற்கள் சிலவும் இருந்தமையால் 1938–39இல் யேல் பல்கலைக்கழகத்தில் அரபியும் பயின்றார். 1940–41இல் பிரேசில் நாட்டுப் பாகியா மாநிலத்துக்குச் சென்று, அங்கு அடிமைகளின் வழிவந்தோர் வழங்கும் ஆப்பிரிக்கச் சொற்களையும் பாடல்களையும் பதிந்தார்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கொழுப்பைக் குல்லா மக்கள் ‘டாஃபா’ என்றனர். கான்சேல்ஸ் இதனை ‘டன் ஃபார் ஃபேட்’ என்னும் ஆங்கிலத் தொடரின் சிதைவு என்று எண்ணி அவ்வாறே எழுதினார். டர்னர் ஆராய்ந்தபோது, மேற்கு ஆப்பிரிக்க வாய் மொழியில் ‘டா’ என்பது வாய் என்றும், ‘ஃபா’ என்பது நிறைதல் என்றும் தெரிந்தது. வாய் நிறைய என்பதே சொல்லின் பொருள். சிதைந்த ஆங்கிலம் என்று எள்ளப்பட்டது பிழையற்ற ஆப்பிரிக்கச் சொல்! நாவில் பிழையில்லை, கேட்ட செவியிலேதான் பிழை.

நிலக்கடலையைக் குறிக்கும் ‘கூபர்’ கிம்புண்டு மொழியின் ‘ங்குபா’. ஆமையைக் குறிக்கும் ‘கூட்டர்’ பம்பாரா முதலிய மொழிகளின் ‘குட்டா’. வெள்ளையரைக் குறிக்கும் ‘பக்ரா’ எஃபிக் மொழியின் ‘ம்பகாரா’. நாம் வெண்டைக்காய் என்பதை ஆங்கிலேயர் ‘ஓக்ரா’ என்பர்; அச்சொல்லும் ஆப்பிரிக்க இக்போ மொழியிலிருந்து வந்ததே. அடிமையின் சொல் ஆண்டையின் உணவு மேசை வரை சென்று அமர்ந்துவிட்டது.

ஒலிகளைப் பற்றிய அவர் ஆய்வு இன்னும் நுட்பமானது. எந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும் என்பதற்கு ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வரம்புண்டு. தமிழில் ‘ம்ப’, ‘ண்ட’ என்னும் ஒலிக்கூட்டுகள் சொல்லின் இடையில் வரும், முதலில் வாரா. ஆங்கிலத்திலும் அவ்வாறே. குல்லாப் பெயர்கள் பல இத்தகைய ஒலிக்கூட்டுடன் தொடங்கின. ஆப்பிரிக்க மொழிகளில் இது இயல்பு. ‘ஞாயிறு’ என்பதில் உள்ள ஞகரம் ஆங்கிலச் சொல்லின் முதலில் வருவது மிக அரிது. குல்லாவில் உண்பதற்கு ‘ஞாம்’ என்பர். ‘திஸ்’, ‘தட்’ என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலொலி பல்லிடையே நாவை நீட்டிப் பிறப்பது. மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் அவ்வொலி இல்லை. எனவே குல்லா மக்கள் தம் முன்னோர் மொழியில் இருந்த அண்மை ஒலியை இட்டு ‘டிஸ்’, ‘டட்’ என்றனர். இது சோம்பலா? திருவல்லிக்கேணியை ‘ட்ரிப்ளிகேன்’ என்றும் தூத்துக்குடியை ‘டூட்டிகொரின்’ என்றும் ஆக்கிய ஆங்கிலேயரை எவரும் தடித்த நாவினர் என்று எழுதவில்லை. ஆள்பவர் மாற்றினால் அது வரைபடத்தில் ஏறும். ஆளப்படுபவர் மாற்றினால் அது கொச்சையாகும்.

இலக்கணத்திலும் அவர் கண்டவை பல. ஆங்கிலத்தில் நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் இக்காலத்தில் ஒரே சொல்தான். குல்லாவிலோ பலருக்கென ‘உனா’ என்னும் தனிச்சொல் உண்டு. இக்போ மொழியின் ‘உனு’ என்பதோடு அது ஒத்தது. ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் குரல் தாழ வேண்டிய இடத்தில் குல்லாவில் அது சமமாக நிற்கும் அல்லது உயரும். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் இசைமுறையோடு டர்னர் அதனை ஒப்பிட்டார்.

இவையனைத்தினும் நெஞ்சைத் தொடுவது பெயர்களின் செய்தி. குல்லாப் பிள்ளைக்குப் பெயர் இரண்டு. பள்ளிக்கும் அயலார்க்கும் ஆங்கிலப் பெயர். வீட்டாருக்கு வேறொரு பெயர். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் பலரிடம் பிறந்த கிழமையாலும் பிறந்த சூழ்நிலையாலும் பெயரிடும் வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை கோஃபி. அத்தகைய பெயர்கள் ஆயிரக்கணக்கில் தீவு வீடுகளுக்குள் வழங்கிவந்தன. பொருள் மறந்திருந்தாலும் பெயரை அவர்கள் மறக்கவில்லை. டர்னர் தொகுத்த ஏறத்தாழ 4,000 ஆப்பிரிக்கச் சொற்களில் மிகப் பெரும்பகுதி இப்பெயர்களே. முன்னையோர் அவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை. ஏனெனில் அவர்களை எவரும் வீட்டுக்குள் அழைத்ததில்லை.

ஒரு பாடலின் பயணம்

ஹாரிஸ் நெக் ஊரில் அமீலியா டாலி என்னும் அம்மையார் டர்னருக்கு ஒரு சிறு பாடலைப் பாடிக் காட்டினார். பரம்பரையாகப் பாடிவந்தது, பொருள் அவருக்கும் தெரியாது. சியரா லியோன் நாட்டு மாணவர் ஒருவர் அதனை மெண்டே மொழி என்று கண்டுகொண்டார். அதன் மொழிபெயர்ப்பும் டர்னரின் நூலில் இடம்பெற்றது.

1942இல் விமானத்தளம் அமைக்கவென்று ஹாரிஸ் நெக் மக்களின் நிலத்தை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டன. நிலம் போயிற்று; பாடல் போகவில்லை. 1990ஆம் ஆண்டளவில் ஜோசப் ஒபாலா, சிந்தியா ஷ்மிட், டாசீஃப் கொரோமா என்னும் ஆய்வாளர்கள் டர்னரின் பதிவை வைத்துத் தேடினர். சியரா லியோனின் செனெகுன் ங்கோலா என்னும் சிற்றூரில் பெண்டு ஜபாட்டி என்னும் பெண்மணி அதனை ஒத்த பாடலைப் பாடினார். அது இறந்தோரை அடக்கம் செய்யும் சடங்கில் பெண்கள் பாடுவது, பாட்டியிடம் கற்றது. ஜார்ஜியாவில் அமீலியாவின் மகள் மேரி மொரான் அப்பாடலை இன்னும் மறவாதிருந்தார். 1997இல் மேரி மொரான் குடும்பத்துடன் அச்சிற்றூர் சென்றார். கடலின் இரு கரைகளிலும் இருநூறு ஆண்டுகளாகத் தாயர் மகளிர்க்குக் கற்பித்த ஒரு பாடல், பிரிந்தவர்களை மீண்டும் ஒன்றுசேர்த்தது. டர்னர் அதனைக் காண உயிருடன் இல்லை. ஆனால் அவர் தட்டில் பதிந்திராவிடில் அச்சந்திப்பு ஏது?

நூலும் அதன் பின்னும்

தீவுகளில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பின்னர், 1949இல் டர்னரின் ‘குல்லாக் கிளைமொழியில் ஆப்பிரிக்கக் கூறுகள்’ என்னும் ஆங்கில நூல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. குல்லாவில் ஆங்கிலச் சொற்களே மிகுதி என்பதை அவர் மறுக்கவில்லை. ஆப்பிரிக்கக் கூறு இல்லை என்ற கூற்றையே மறுத்தார். அவர் காட்டிய சொற்பிறப்புகளுள் சிலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. அறிவியலில் அது இயல்பே. அடிப்படை முடிபு அசையவில்லை. குல்லா சிதைந்த ஆங்கிலமன்று, தனக்கென இலக்கணமுடைய கலப்பு மொழி என்பது இன்று அனைவரும் ஒப்பியது.

1946இல் சிகாகோவின் ரூஸ்வெல்ட் கல்லூரிக்குச் சென்ற டர்னர், 1951இல் நைஜீரியா, சியரா லியோன் நாடுகளில் ஆய்வு நடத்தினார். சியரா லியோனின் கிரியோ மொழி பற்றி நூல்களும் எழுதினார். 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார்.

அவர் விதைத்தது வளர்ந்தது. 1979இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரக் கறுப்பினப் பிள்ளைகளின் சார்பில் தொடுத்த வழக்கில், பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கருத்திற்கொண்டு கற்பிக்க ஆசிரியர்க்கு வழிகாட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006இல் குல்லா கீச்சி மக்கள் வாழும் கடலோரத்தைப் பண்பாட்டு மரபுப் பகுதியாக அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தால் அறிவித்தது.

எனினும் பழிப்பு தரும் புண் எளிதில் ஆறுவதில்லை. ஜார்ஜியாவின் குல்லாச் சிற்றூரில் பிறந்து, 1991இல் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸ், பள்ளி நாளில் தம் பேச்சைப் பிறர் எள்ளியதால் பேசுவதைக் குறைத்துக் கேட்பதையே வழக்கமாக்கிக்கொண்டதாகப் பிற்காலத்தில் கூறினார். நீதியின் உயர்ந்த இருக்கை வரை அந்தச் சிரிப்பு உடன் சென்றது.

நாம் செய்யத்தக்கவை

அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். அந்த ஒப்புமை துன்பத்தில் மட்டும் இருந்து பயனில்லை. முயற்சியிலும் இருத்தல் வேண்டும்.

டர்னரிடமிருந்து நாம் கற்கத்தக்கவை இரண்டு. முதலாவது, அவர் ஆங்கிலத்தை வெறுக்கவில்லை. ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் பெற்றார்; அக்கல்வியையே கருவியாக்கித் தம் மக்களின் பேச்சுக்கு மதிப்புத் தேடித் தந்தார். நம் பிள்ளைகளும் செந்தமிழைப் பிழையறக் கற்க வேண்டும். ஆங்கிலமும் கற்க வேண்டும். தேர்வுக்கும் தொழிலுக்கும் அவை வேண்டும். ஆனால் அதற்காகத் தாயின் பேச்சை நாணத்துடன் மறைக்க வேண்டுவதில்லை. ஏட்டுமொழியைக் கற்றல் ஏற்றம். வீட்டுமொழியை இகழ்தல் ஏற்றமன்று.

இரண்டாவது, அவர் காலந்தாழ்த்தவில்லை. பத்தாண்டு பொறுத்திருந்தால் அம்முதியோருள் பலர் மறைந்திருப்பர். நம் தெருவிலும் நாற்று நட்ட பாட்டும், ஒப்பாரியும், தோலைப் பதப்படுத்தும் தொழிற்சொல்லும், பறையின் அடவுப் பெயரும் அறிந்த முதியோர் உள்ளனர். இன்று ஒலிப்பதிவுக்குக் கனத்த கருவி வேண்டியதில்லை. இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. வேண்டுவது டர்னரின் பொறுமையும் பணிவும். திருத்துவதற்காகக் கேளாமல், அறிவதற்காகக் கேட்க வேண்டும். சொன்னவர் பெயர், ஊர், வயது, நாள் ஆகியவற்றைத் தவறாது குறித்து, சொன்னவாறே எழுதிவைக்க வேண்டும். ஐயமுள்ளதை ஐயமென்றே குறிக்க வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாய் நம் சங்கம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கப் பாடுபட்டு வந்துள்ளது. எழுத்தறிந்த பிள்ளைகள் இனி எழுத்தறியாத தம் பாட்டன் பாட்டியரிடம் சென்று அமர்ந்து கேட்பார்களாக. பொன்விழா மலர் வெளிவரும் நாளில், அம்முதியோர் சொன்னவை அதில் ஒரு தனிப்பகுதியாக இடம்பெறுமாயின், இச்சங்கம் பெற்ற பயன்களுள் அதுவும் ஒன்றாகும்.